வீட்டுப் பையிலிருந்து தொடங்குங்கள்: கொழும்பில் மருந்துப் பாவனை ஆய்வு செய்ய வருபவர்களுக்கு

ஒரு புது மருந்து கடைக்கு வருமுன் சில ஆயிரம் பேரில்தான் சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கும். அந்தச் சில ஆயிரத்துக்குள் கர்ப்பிணிகள் அநேகமாக இருக்கமாட்டார்கள். சீனி, பிரஷர், சிறுநீரக வருத்தம் மூன்றும் சேர்ந்து ஒன்பது குளிசை போடும் எண்பது வயது ஆச்சியும் இருக்கமாட்டார். 3000 பேருக்குக் கொடுத்து ஒருவருக்கும் ஒரு பக்கவிளைவு வரவில்லை என்றாலும், அது ஆயிரத்தில் ஒருவருக்கு வரக்கூடியதாக இருக்க இன்னும் இடமுண்டு. தலிடோமைட் குழந்தைகளின் கைகால்களைப் பறித்தது 1961இல் வெளியே தெரிந்தது, தாய்மார் அதை எடுத்த பிறகு. ரொஃபெகொக்சிப் என்ற நோவுக் குளிசை 2004இல் மாரடைப்பு அபாயத்துக்காகத் திரும்பப் பெறப்பட்டபோது, உலகெங்கும் பல கோடிப் பேர் அதைப் போட்டு முடித்திருந்தார்கள்.

மருந்து சனத்தின் கைக்குப் போன பிறகு என்ன நடக்கிறது என்று பார்ப்பதுதான் நாங்கள் செய்யும் வேலை. நான் கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு பார்மசியில் மருந்தாளராக இருந்து, பிறகு இந்த ஆய்வுகளுக்கு வந்தவள். இதைத் தமிழில் எழுதக் காரணம் இருக்கிறது. கொழும்பில் வீடு வீடாகப் போகும் ஆய்வுக் குழுக்களில் தமிழ் பேசுபவர்கள் பலமுறை போதாமல் இருக்கிறார்கள். தமிழ் வீடு வந்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொல்வதை நான் கண்டிருக்கிறேன். அந்தப் பிள்ளைக்கு முன்னால் அந்த அம்மா, "ஓம், எல்லாம் ஒழுங்கா போடுறன்" என்று சொல்லி முடித்துவிடுவார். ஆய்வு அதை உண்மையென்று எழுதிக்கொண்டு போய்விடும். மருத்துவ பீடத்திலோ மருந்தாளர் பயிற்சியிலோ இருக்கும் தமிழ்ப் பிள்ளைகள் இந்த வேலைக்கு வரவேண்டும். அவர்களுக்காக இது.

கேள்வியைச் சிறிதாக்குங்கள்

"கொழும்பில் மருந்துப் பாவனை" என்று ஒரு தலைப்போடு வருகிறார்கள். அது தலைப்பே தவிர கேள்வி அல்ல. "முகத்துவாரத்தில் 60 வயதைத் தாண்டி, அரசாங்க கிளினிக்கில் பிரஷர் மருந்து எடுப்பவர்களில் எத்தனை பேர் அதே மருந்தை இன்னொரு பெயரில் வேறு இடத்திலும் வாங்குகிறார்கள்?" இது கேள்வி. யார், எங்கே, எந்த மருந்து, எதை எண்ணப்போகிறோம் என்ற நான்கும் அதில் இருக்கிறது. இந்த நான்கில் ஒன்று இல்லாவிட்டாலும் தாளில் எழுதி முடியும்வரை வீதியில் இறங்கவேண்டாம்.

நல்ல கேள்விகள் பார்மசி கவுண்டரில்தான் அதிகம் கிடைக்கும். பிரஷருக்கு எனலாப்ரில் போடும் ஒருவருக்கு வறட்டு இருமல் வரும். அந்த மருந்தின் தெரிந்த பக்கவிளைவு அது. அவர் அதைத் தடிமன் என்று நினைத்து இருமல் பாணி வாங்க வருவார், பாணியால் குறையாவிட்டால் அன்டிபயோட்டிக்கும் வாங்குவார். அம்லோடிப்பின் என்ற பிரஷர் மருந்தால் கால் வீங்கியவருக்குச் சிறுநீர் போக ஒரு குளிசை கூடும். ஒரு மருந்தின் விளைவுக்கு இன்னொரு மருந்து என்று இந்தச் சங்கிலி நீளும். உங்கள் பகுதியில் இது எவ்வளவு நடக்கிறது என்று எண்ணுவது, இளநிலை மாணவர் ஒருவர் ஒரு வருடத்துக்குள் செய்து முடிக்கக்கூடிய வேலை. அது யாரோ ஒருவருடைய பையிலிருந்து உண்மையாகவே ஒரு மருந்தைக் குறைக்கவும் உதவும்.

அனுமதி

எதிக்ஸ் கமிட்டி (ஆய்வு நெறிமுறைக் குழு) அனுமதி கைக்கு வருமுன் ஒரு வீட்டுக் கதவையும் தட்டாதீர்கள். கின்சி வீதியில் இருக்கும் கொழும்பு மருத்துவ பீடத்தின் குழுவோ, உங்கள் நிறுவனத்தின் குழுவோ, முழு விண்ணப்பத்தோடு கேள்விக்கொத்தையும் சம்மதப் படிவத்தையும் மூன்று மொழியிலும் கேட்பார்கள். தமிழ்ப் படிவத்தைக் கடைசி இரவில் யாரிடமாவது கொடுத்து மாற்றி எடுக்காமல் தமிழிலேயே முதலில் எழுதிப் பாருங்கள். எழுதியதைக் கொட்டாஞ்சேனையில் ஒருவர், வெள்ளவத்தையில் ஒருவர், மலையகத்திலிருந்து வந்து புறக்கோட்டைக் கடையில் நிற்கும் தம்பி ஒருவர், கொம்பனித்தெருவில் ஒரு முஸ்லிம் அம்மா என்று நான்கு பேருக்கு வாசித்துக் காட்டுங்கள். நான்கு பேரும் ஒரே விதமாக விளங்கிக்கொண்டால்தான் அந்த வரி நிற்கலாம்.

கிராம உத்தியோகத்தருக்கும் மாநகரசபையின் சுகாதார வைத்திய அதிகாரிக்கும் கடிதம் கொடுங்கள். அந்தப் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரைத் தேடிப்போய் வணக்கம் சொல்லுங்கள். எந்த ஒழுங்கையில் எந்த வீட்டில் பிறந்த பிள்ளை இருக்கிறது, எந்த வீட்டில் படுக்கையில் ஆள் இருக்கிறார் என்று அவருக்குத் தெரியும்.

எண்ணிக்கைக்குக் கீழே என்ன போடுவது

மேலே போடும் எண் எல்லோருக்கும் கிடைக்கும். எத்தனை பேரில் என்ற கீழ் எண்ணில்தான் கொழும்பு ஆய்வுகள் சறுக்கும். 2012 கணக்கெடுப்பில் கொழும்பு மாநகரசபை எல்லைக்குள் 561,314 பேர். இரவில் இங்கே படுப்பவர்கள் அவர்கள். பகலில் வந்து போகிறவர்கள் வேறு. வெள்ளவத்தையில் காலி வீதியோரப் பார்மசியில் மருந்து வாங்குபவர்களில் வேலை முடிந்து பாணந்துறைக்கு ரயில் ஏறுபவரும் இருப்பார், யாழ்ப்பாணத்திலிருந்து வைத்தியத்துக்கு வந்து லொட்ஜில் நிற்பவரும் இருப்பார். அந்தப் பார்மசியின் விற்பனையை வெள்ளவத்தைச் சனத்தொகையால் வகுத்தால் வரும் விடைக்கு அர்த்தமில்லை.

வாக்காளர் இடாப்பை மட்டும் நம்பி வீடுகளைத் தெரிவுசெய்ய வேண்டாம். வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் பல வருடமாக இருப்பவர்களின் வாக்கு இன்னும் யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ இருக்கலாம். செட்டியார் தெருவில் கடைக்கு மேல் மாடியில் படுக்கும் பொடியன்களின் பெயர் ஊர்த் தோட்டத்து இடாப்பில் இருக்கும். மட்டக்குளி, புளூமெண்டல் பக்கத்துத் தோட்டங்கள் எனப்படும் நெருக்கமான குடியிருப்புகளில் ஒரே இலக்கத்தின் கீழ் பல குடும்பம் இருக்கும். இடாப்பில் இல்லாத இவர்கள்தான் மருந்துக்குக் கையில் காசில்லாமல் அரைவாசி வாங்குகிறவர்களும். ஆகவே நடந்துபோய் நீங்களே படம் வரையுங்கள். ஒரு தாளில் ஒழுங்கைகளைக் கீறி, ஒவ்வொரு அடுப்பையும் ஒரு வீடாகக் குறியுங்கள். பிறகு குலுக்கலில் ஒரு தொடக்க வீட்டை எடுத்து, அங்கிருந்து ஒவ்வொரு ஐந்தாவது வீடும் என்று போகலாம். கதவு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டுக்கு மாறாமல் இன்னொரு நேரம் திரும்பப் போங்கள். பகலில் எப்போதும் கதவு திறந்திருக்கும் வீடுகளை மட்டும் எடுத்தால், வேலைக்குப் போகும் பெண்கள் முழுப்பேரும் ஆய்வுக்கு வெளியே போய்விடுவார்கள். பின்னேரம் ஐந்துக்குப் பிறகு, ஞாயிறு பூசை முடிந்து, போயா நாளில் என்று நேரத்தை மாற்றி மாற்றி வையுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தை விடுங்கள்.

எத்தனை பேர் வேண்டும் என்பது சின்னக் கணக்கு. ஒரு விகிதத்தை ஐந்து சதவீதம் முன்பின்னாக, 95 சதவீத நம்பிக்கையோடு அறிய 384 பேர். ஒரே ஒழுங்கைக்காரர் ஒரே பார்மசிக்கும் ஒரே டொக்டருக்கும் போவதால் அவர்கள் விடைகள் ஒத்துப்போகும். அதற்காக ஒன்றரை மடங்கு கூட்டினால் 576. பத்தில் ஒருவர் மறுப்பார் என்று வைத்தால் 640 பேரிடம் போகவேண்டும்.

பையைக் கொட்டுங்கள்

இந்த முழு வேலையிலும் நான் அதிகம் அக்கறைப்படும் இடம் இதுதான். "என்ன மருந்து எடுக்கிறீங்க?" என்று கேட்டால் கிளினிக் கொப்பியில் உள்ளதைச் சொல்வார்கள். கொப்பியில் இருப்பது டொக்டர் எழுதியது. ஆள் விழுங்கியது வேறாக இருக்கலாம். எனவே, "வீட்டில் இருக்கிற எல்லா மருந்தையும் ஒருக்கா எடுத்து வாங்கோ, தினமும் போடாததும் பரவாயில்லை" என்று கேட்டு, பாயிலோ மேசையிலோ ஒரு வெள்ளைத் துணியை விரித்துக் கொட்டச் சொல்லுங்கள்.

முதல் சொப்பிங் பேக்கோடு நிறுத்தவேண்டாம். பிஸ்கட் ரின், சாமித்தட்டு, தலையணைக்குக் கீழ் இருக்கும் மூச்சுக்கு இழுக்கும் பம்ப், ஐஸ்பெட்டிக் கதவில் இன்சுலின், கைப்பையில் நோவுக் குளிசை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஐஸ்பெட்டியில் இன்சுலின் எந்தத் தட்டில் இருக்கிறது என்று கண்ணால் பாருங்கள். உறைவிப்பானை ஒட்டி வைத்து உறைந்த இன்சுலின் பயன் தராது. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பிள்ளைகள் அனுப்பிய போத்தல்கள், சென்னையிலிருந்து யாரோ கொண்டுவந்தது, நாட்டு வைத்தியரின் சூரணம், மூட்டு வலிக்குப் பெயரில்லாமல் வரும் தூள் எல்லாம் துணிக்கு வரவேண்டும். "இதையெல்லாம் டொக்டரிட்ட சொல்லுறேல்ல" என்று சிரிப்பார்கள். அதையும் எழுதுங்கள்.

குளிசை அட்டையின் பின்பக்கத்தில் மருந்தின் சொந்தப் பெயர் (ஜெனரிக் பெயர்) சின்ன எழுத்தில் இருக்கும், கம்பனிப் பெயர் பெரிதாக இருக்கும். சின்ன எழுத்தை எழுதுங்கள். பலம், காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், எங்கிருந்து வந்தது என்பதும் சேரவேண்டும். அட்டையை வெட்டி நான்கு குளிசையாகக் கொடுத்திருந்தால் திகதி வெட்டுப்பட்டுப் போயிருக்கும். "திகதி இல்லை" என்பதும் ஒரு விபரம்தான். அரசாங்க ஆஸ்பத்திரி கடதாசி உறையில் தளர்ந்த குளிசை வந்தால், உறையில் எழுதியதை அப்படியே பார்த்து எழுதுங்கள். நிறத்தையும் வடிவத்தையும் வைத்துப் பெயர் ஊகிக்க வேண்டாம். வெள்ளை வட்டக் குளிசை எத்தனையோ வகை இருக்கிறது.

பிறகு கேட்கவேண்டிய கேள்வி: நேற்று. "ஒழுங்கா போடுறீங்களா" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். அதற்கு ஒரு விடைதான் வரும். ஒரு வீட்டில் நடந்த பேச்சு இது, அந்த அம்மாவை யாரென்று தெரியாதபடி எழுதுகிறேன்.

"அன்ரி, நேற்று ராவைக்கு எதெது போட்டீங்க? கையால எடுத்துக் காட்டுங்கோ."

"இந்த வெள்ளைச் சின்னது, பிறகு இந்த ரோஸ் கலர், பிள்ளை."

"வெள்ளை எங்க தந்தது?"

"அது கிளினிக். பிரஷருக்கு."

"ரோஸ்?"

"அது வெள்ளவத்தை டொக்டர். அதுவும் பிரஷருக்குத்தான். அவர் நல்ல மருந்துதான் தருவார்."

உறையில் லொசார்டன் 50 மில்லிகிராம். அட்டையின் சின்ன எழுத்திலும் லொசார்டன் 50 மில்லிகிராம். கொஞ்ச நாளாக எழும்பும்போது தலை சுற்றுகிறது என்றும், அதற்கென்று மூன்றாவது குளிசை ஒன்று போடுகிறேன் என்றும் அன்ரி சொன்னார். கிளினிக் கொப்பியை வெள்ளவத்தை டொக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்டபோது, "ஐயோ, காட்டினா ஏசுவார், இங்க வந்திட்டு அங்கயும் ஏன் போறீங்க எண்டு" என்றார். அன்றிரவே கேள்விக்கொத்தில் ஒரு வரி சேர்த்தோம்: "இரண்டாவது டொக்டரிடம் கொப்பியைக் காட்டினீர்களா? இல்லையென்றால் ஏன்?" கொப்பியைக் காட்டப் பயம் என்ற விடை எந்த ஆஸ்பத்திரிக் கணினியிலும் கிடைக்காது.

குளிசை எண்ணுவதும் இங்கேதான். சீனிக்கு மெட்ஃபோர்மின் காலையும் இரவும் ஒவ்வொன்று, கிளினிக்கில் தந்தது 60, தந்து 28 நாள். 56 போயிருக்க வேண்டும், 4 மிஞ்ச வேண்டும். உறையில் 20 இருந்தால் 40தான் போயிருக்கிறது; 56இல் 40 என்றால் 71 சதவீதம். ஒழுங்காகப் போடுகிறார் என்பதற்குப் பல ஆய்வுகள் 80 சதவீதத்தை எல்லையாக வைக்கும். போன மாதத்து மிச்சம் இந்த உறைக்குள் கொட்டப்பட்டதா என்று கேட்காமல் இந்தக் கணக்கைப் போடவேண்டாம். மகளுடைய குளிசையை அம்மாவும் எடுக்கும் வீடுகள் உண்டு, அதையும் கேளுங்கள். பிள்ளைக்குக் கொடுக்கும் பாணியை எந்தக் கரண்டியால் கொடுக்கிறார்கள் என்று அந்தக் கரண்டியையே கொண்டுவரச் சொல்லி, தண்ணீர் ஊற்றி சிறிஞ்சால் அளவுபாருங்கள். தேக்கரண்டி வீட்டுக்கு வீடு மாறும்.

இதையெல்லாம் சத்தமாகப் பேசவேண்டாம். தோட்டத்து வீடுகளில் நடுச் சுவர் பலகையாக இருக்கும். காசநோய், எச்.ஐ.வி., மனநல மருந்து என்று ஒன்று துணியில் வந்தால் பெயரை வாயால் சொல்லாமல் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த கேள்விக்குப் போங்கள். அடையாள அட்டை இலக்கத்தை எழுதாதீர்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறியீடு போதும், பெயரும் குறியீடும் சேர்ந்த தாள் பூட்டிய அலுமாரியில் வேறாக இருக்கட்டும்.

ஆபத்தைக் கண்டால்

வீட்டுக்குப் போகுமுன்பே ஒரு சிவப்புப் பட்டியல் கையில் இருக்கவேண்டும். மூட்டுவாதத்துக்குக் கிழமைக்கு ஒருமுறை போடவேண்டிய மெதொட்ரெக்சேட்டைத் தினமும் போடுகிறார் என்றால் அது அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய விடயம். எலும்பு மச்சை செயலிழந்து உயிர் போகலாம். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர் நோவுக்கு டிக்லோஃபெனாக் வாங்கிப் போடுவது, ஒரே மருந்து இரண்டு பெயரில், பனடோலும் பரசிட்டமோல் கலந்த தடிமன் குளிசையும் சேர்ந்து ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டுவது, சீனிக்குக் கிளிபென்கிளமைட் போடும் வயதானவர் விடியப்புறம் வியர்த்து நடுங்குவது இவையும் பட்டியலில் வரும்.

நீங்களாக எந்த மருந்தையும் நிறுத்தச் சொல்லாதீர்கள். உங்கள் குழுவில் பொறுப்பான டொக்டர் ஒருவர் போனில் இருக்கவேண்டும், இதை எதிக்ஸ் விண்ணப்பத்திலேயே எழுதியிருக்க வேண்டும். அவரோடு பேசி, கிளினிக்குக் கொடுக்க ஒரு கடிதம் எழுதிக் கையில் கொடுத்து, மூன்று நாளில் திரும்பக் கூப்பிட்டு விசாரியுங்கள். ஆய்வுக்காக ஒரு ஆபத்தைக் கண்டும் காணாமல் எழுதிக்கொண்டு வருவதை நான் ஏற்கமாட்டேன். அந்த வீட்டின் விடை அதனால் மாறிவிடும் என்று சொல்லும் மாணவர்கள் உண்டு. மாறட்டும், கடிதம் கொடுத்த வீடுகளை வேறாகக் குறித்து, கணக்கில் காட்டலாம்.

பக்கவிளைவு என்று சந்தேகம் வந்தால் அறிக்கை ஒன்றைத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைக்கு அனுப்புங்கள். 2015ஆம் ஆண்டு 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த அந்த அதிகாரசபை நொரிஸ் கனால் வீதியில்தான் இருக்கிறது. நிரூபிக்கவேண்டிய தேவை உங்களுக்கு இல்லை, சந்தேகம் போதும். எப்போது தொடங்கினார், எத்தனையாம் நாள் வந்தது, நிறுத்தியதும் குறைந்ததா, கூட என்ன மருந்து போட்டார், தொகுதி இலக்கம் என்ன என்ற ஐந்தும் இருந்தால் அது நல்ல அறிக்கை.

பார்மசிப் பக்கம்

இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் வழி ஏற்கெனவே போட்டிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 1993இல் தந்த அளவைகளை எடுங்கள்: டொக்டர் எழுதும் ஒரு மருந்துத் துண்டில் சராசரி எத்தனை மருந்து, எத்தனை சொந்தப் பெயரில், எத்தனையில் அன்டிபயோட்டிக், எத்தனையில் ஊசி, எத்தனை அத்தியாவசியப் பட்டியலில் உள்ளவை. பல இடங்களை ஒப்பிட்டு எடுக்கும்போது 20 இடத்தில் 30 துண்டு வீதம் 600 எடுப்பது வழக்கம். கவுண்டரில் மருந்து கொடுக்கும் நேரத்தைச் செக்கன் கணக்கில் அளவிடுங்கள். வாசலில் நின்று, "உறையில் எழுதியிருப்பதை வாசித்துக் காட்டுங்கோ" என்று கேளுங்கள். தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்தவரின் கையில் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதிய உறை இருந்தால் அதைக் கட்டாயம் பதியுங்கள். நீங்கள் நிற்கும் முதல் நாள் எல்லோரும் அவதானமாக இருப்பார்கள், அந்த நாளைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அன்டிபயோட்டிக் என்றால் மொத்தமாக எண்ணாமல் 2017இல் உலக சுகாதார நிறுவனம் பிரித்த மூன்று வகையில் எண்ணுங்கள்: முதலில் எடுக்கக்கூடியவை, கவனித்து எடுக்கவேண்டியவை, கடைசிக்கென்று வைத்திருக்கவேண்டியவை. அமொக்சிசிலின் முதல் வகை. அசித்ரோமைசின், சிப்ரோஃப்ளொக்சசின் இரண்டாம் வகை. தடிமனுக்கு இரண்டாம் வகை எவ்வளவு போகிறது என்ற எண் ஒன்று உங்கள் பகுதிக்குக் கிடைத்தால், அது டொக்டர்மாரோடு பேசுவதற்கு நல்ல கைப்பிடி.

ஒரே அளவுகோலில் எண்ணுதல்

ஒரு பார்மசி 500 மில்லிகிராம் மெட்ஃபோர்மினும் இன்னொன்று 850உம் விற்றால் குளிசை எண்ணிக்கையை ஒப்பிட முடியாது. அதற்காகத்தான் உலக சுகாதார நிறுவனத்தோடு இணைந்து ஒஸ்லோவில் 1982இலிருந்து இயங்கும் நிலையம் ஒவ்வொரு மருந்துக்கும் வளர்ந்தவருக்கான ஒரு நாள் அளவைத் தீர்மானித்து வைத்திருக்கிறது. அதை டிடிடி (DDD) என்று சொல்வோம். மெட்ஃபோர்மினுக்கு 2 கிராம், லொசார்டனுக்கு 50 மில்லிகிராம், அட்டோவாஸ்டட்டினுக்கு 20 மில்லிகிராம், பரசிட்டமோலுக்கு 3 கிராம்.

ஒரு பயிற்சிக் கணக்கு. 10,000 பேர் இருக்கும் பகுதியில் 30 நாளில் 500 மில்லிகிராம் மெட்ஃபோர்மின் 60,000 போனது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 30,000 கிராம். 2ஆல் வகுக்க 15,000 டிடிடி, ஒரு நாளைக்கு 500, ஆயிரம் பேருக்கு 50. நூறில் ஐந்து பேர் தினமும் ஒரு வழக்கமான அளவு எடுக்கிறார்கள் என்று ஏறத்தாழ வாசிக்கலாம். உங்கள் பகுதியில் எல்லோருக்கும் அரை அளவுதான் எழுதுகிறார்கள் என்றால், எடுப்பவர்கள் அதன் இரண்டு மடங்கு. டிடிடி எண்ணுவதற்கான அலகு. அவ்வளவுதான் போடவேண்டும் என்று யாருக்கும் சொல்லும் அளவு அல்ல. பிள்ளைகளின் மருந்துக்கு இதைப் பயன்படுத்தவேண்டாம்.

விடையை வாசிக்கும்போது

இன்சுலின் போடுபவர்களில் கால் புண் அதிகம் என்று உங்கள் தரவு காட்டும். இன்சுலினால் புண் வந்தது என்று எழுதிவிடாதீர்கள். பெரும்பாலும் சீனி முற்றியவருக்குத்தான் இன்சுலின் எழுதப்படும், அவருக்குத்தான் புண்ணும் அதிகம் வரும். எந்த மருந்தை எவருக்கு ஏன் எழுதினார்கள் என்பதைப் பிரித்துப் பார்க்காமல் இரண்டு குழுவை ஒப்பிட்டால், கடும் வருத்தக்காரர் எடுக்கும் மருந்தெல்லாம் கெட்ட மருந்தாகத் தெரியும். வருத்தம் எத்தனை வருடம், கடைசி இரத்தச் சோதனை என்ன என்ற கேள்விகள் அதற்காகவே கேள்விக்கொத்தில் இருக்கவேண்டும்.

ஆண்டையும் பாருங்கள். 2016இல் 48 மருந்துகளுக்கு உச்ச விலை வந்தது. 2022இல் டொலர் இல்லாமல் மருந்தே தட்டுப்பட்டது. அந்த வருடத்தில் பாவனை குறைந்ததைச் சனத்தின் அசட்டை என்று ஒருவர் எழுதியதை நான் வாசித்து மிகவும் கோபப்பட்டேன். பெரியாஸ்பத்திரி வாசலில் "வெளியில வாங்கச் சொல்லிட்டாங்க" என்று துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர்களின் கதை அது. போடாத குளிசைக்கு எப்போதும் காரணம் கேளுங்கள்: கிடைக்கவில்லையா, காசில்லையா, ஒத்துக்கொள்ளவில்லையா, விளங்கவில்லையா, வேண்டாமென்று விட்டாரா? ஐந்துக்கும் ஐந்து விதமான மருந்து வேண்டும். பேராசிரியர் சேனக பிபிலே மருந்தைச் சொந்தப் பெயரில் மொத்தமாக வாங்கும் முறைக்காகப் போராடி, 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தை உருவாக்கியது, சனத்தின் கைக்கு மருந்து எட்டவேண்டும் என்றுதான். எட்டியதா என்று பார்ப்பது அந்த வேலையின் மிச்சப் பகுதி.

திருப்பிக் கொடுப்பது

முடிவை முதலில் அந்த ஒழுங்கைக்குக் கொண்டுபோங்கள், சஞ்சிகைக்குப் பிறகு அனுப்பலாம். ஒரு பக்கத் தமிழ்த் தாள், பெரிய எழுத்து, மூன்று விடயத்துக்கு மேல் வேண்டாம். கோயில் மண்டபத்திலும் தேவாலய மண்டபத்திலும் பள்ளிவாசல் பக்கத்திலும் கூப்பிட்டு வாசித்துக் காட்டுங்கள். பார்மசிக்காரரிடம் அவரவர் கடையின் விடையை மட்டும் தனியாகக் கொடுங்கள், மற்றக் கடையின் பெயரைச் சொல்லாமல் சராசரியை மட்டும் பக்கத்தில் போடுங்கள். சுகாதார வைத்திய அதிகாரிக்குக் கொடுக்கும் தாளில் என்ன செய்யலாம் என்று ஒன்றை மட்டும் கேளுங்கள்: உதாரணமாக, கிளினிக் உறையில் தமிழில் "காலை, இரவு" அச்சடிப்பது.

ஆறு மாதம் கழித்து அந்த வீடுகளில் மூன்றில் ஒன்றுக்காவது திரும்பப் போங்கள். பழைய தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கவேண்டாம். அதைப் பார்த்தால் அவர்கள் போன முறை சொன்னதையே சொல்லுவார்கள். துணியை விரித்து, புதிதாகக் கொட்டச் சொல்லி, புதிதாக எழுதி, வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.